பதில் வரலன்னா வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல மாசக் கடைசி வந்தாலே டேட்டாபேஸுக்கு மூச்சு முட்டும். அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்க எல்லாரும் ஒரே ரிப்போர்ட்டத்தான் எடுப்பாங்க, அது வர 40, 50 செகண்ட் ஆகும், ஆனா நடுவுல நிக்கிற கேட்வேக்கு 30 செகண்ட்தான் பொறுமை, அதுக்கு மேல போச்சுன்னா எரர் காட்டிட்டு கிளம்பிடும். எரர் வந்தா யாரா இருந்தாலும் ரெஃப்ரெஷ்தான் அடிப்பாங்க, அவங்களும் அடிச்சாங்க. ஒரு நாள் ராத்திரி உள்ள என்னதான் ஓடுதுன்னு போய் பார்த்தா ஒரே குவெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்கற ஒரே கேள்வி, 40 தடவைக்கு மேல ஓடிட்டு இருக்கு, அதுல முக்காவாசிக்கு பதில வாங்கிக்க ஆளே இல்ல. கேட்டவங்க போயிட்டாங்க, கேட்வே போயிடுச்சு, நடுவுல இருந்த சர்வீஸ் கூட அடுத்த வேலைக்கு போயிடுச்சு, டேட்டாபேஸ் மட்டும் பந்தி கலைஞ்சது தெரியாம உலை வச்சுட்டே இருந்துச்சு.

அன்னிக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. தூரத்துல இருக்கற சர்வர்கிட்ட "இத பண்ணு"ன்னு சொல்றதுக்கு நாம எல்லாரும் கோட் எழுதறோம், "வேணாம் நிறுத்திக்கோ"ன்னு சொல்றதுக்கும், "அந்த வேலை நடந்துச்சா நடக்கலையா"ன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் எழுதறவங்க ரொம்ப கம்மி. கஷ்டம் முழுக்க அந்த ரெண்டுலதான் இருக்கு.

ரிமோட் ப்ரொசீஜர் கால், சுருக்கமா ஆர்பிசி, நேத்து வந்த சமாச்சாரம் இல்ல. 1976-ல ஜேம்ஸ் வைட் எழுதின ஆர்எஃப்சி 707-ங்கற நெட்வொர்க் ஆவணத்துலயே இந்த யோசனை இருக்கு, 1984-ல ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல ஆண்ட்ரூ பிரெல், ப்ரூஸ் நெல்சன்னு ரெண்டு பேர் அத நிஜமா கட்டி, எப்படிக் கட்டினோம்னு விவரமா எழுதினாங்க. யோசனை எளிமையானது: இன்னொரு மெஷின்ல இருக்கற ஃபங்க்ஷன, நம்ம கோட்லயே இருக்கற ஃபங்க்ஷன் மாதிரி கூப்பிடணும், நடுவுல இருக்கற நெட்வொர்க் கண்ணுக்கே தெரியக்கூடாது. அவங்க எடுத்த ஒரு முடிவு இப்ப படிச்சா ஆச்சரியமா இருக்கும். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கறதுன்னு அவங்க எல்லையே வைக்கல. சாதாரண ஃபங்க்ஷன கூப்பிட்டா டைம்அவுட்டா வைக்கிறோம், அது லூப்ல மாட்டிக்கிட்டா நாமளும் மாட்டிக்கிறோம், அதே மாதிரி இதுவும் இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. ஆனா சும்மா விடல, கூப்பிட்டவன் நடுநடுவுல "இருக்கியா"ன்னு ஒரு சின்ன பாக்கெட் அனுப்புவான், அந்தப் பக்கம் "இருக்கேன்"னு சொன்னா காத்திருப்பான், சத்தமே இல்லன்னா அப்பதான் எக்ஸப்ஷன், அதாவது ஏதோ தப்பாயிடுச்சுங்கற அறிவிப்பு, வரும். அவங்க கொடுத்த உத்தரவாதமும் நேர்மையானது: பதில் வந்துச்சுன்னா வேலை சரியா ஒரு தடவை நடந்திருக்கு, எக்ஸப்ஷன் வந்துச்சுன்னா ஒரு தடவை நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம்.

அந்தக் கடைசி வரியிலதான் எல்லாமே இருக்கு. நம்ம மெஷின்லயே ஒரு ஃபங்க்ஷன கூப்பிட்டா ஒண்ணு பதில் வரும், இல்ல எரர் வரும், ப்ராசஸே செத்துச்சுன்னா கூப்பிட்டவனும் சேர்ந்து சாவான், அதனால பாதியில நிக்கிற கவலை அவனுக்கு இல்ல. தூரத்துல கூப்பிட்டா மூணாவதா ஒண்ணு வருது, அதுக்குப் பேரு "தெரியல". நீங்க அனுப்பினது போற வழியில தொலைஞ்சிருக்கலாம், போய்ச் சேர்ந்து பாதி வேலையில சர்வர் படுத்திருக்கலாம், வேலை முழுசா முடிஞ்சு பதில் திரும்பி வர்ற வழியில தொலைஞ்சிருக்கலாம், இல்ல எல்லாமே நல்லா இருந்து கொஞ்சம் மெதுவா மட்டும் இருந்திருக்கலாம். இந்தப் பக்கம் உக்காந்து பார்க்கறவனுக்கு நாலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதாவது ஒண்ணும் வரல. எவ்வளவு பெரிய ஆள் கோட் எழுதினாலும் இத பிரிச்சுப் பார்க்க முடியாது, ஏன்னா பிரிச்சுச் சொல்ற தகவல் இந்தப் பக்கம் வந்து சேரவே இல்ல.

டைம்அவுட்ங்கறது நம்ம பொறுமை தீர்ந்துடுச்சுன்னு மட்டும்தான் சொல்லுது, அந்தப் பக்கம் வேலை என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாது. இத நான் புதுசா சேர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன், ஏன்னா டைம்அவுட் வந்தா உடனே "ஃபெயில்"னு டேபிள்ல எழுதற கோட் நான் பார்த்த எல்லா இடத்துலயும் இருந்துச்சு.

இது நம்ம எல்லாருக்கும் பழக்கமான விஷயம்தான். யுபிஐல பணம் அனுப்பறோம், சக்கரம் சுத்திட்டே இருக்கு, அக்கவுண்ட்ல பணம் போயிடுச்சு, அந்தப் பக்கம் வரல. அனுப்பறவர் பேங்க், நடுவுல யுபிஐய நடத்தற என்பிசிஐ, வாங்கறவர் பேங்க்னு பல கைகள் மாறிப் போற ரிமோட் கால் அது, ஏதோ ஒரு கையில பதில் நின்னுடுச்சு. அப்ப ஆப் "பெண்டிங்"னு காட்டுது பாருங்க, நிறைய பேருக்கு அத பார்த்தா கோவம் வரும், ஆனா அந்த நேரத்துல சொல்லக்கூடிய ஒரே உண்மை அதுதான். "ஃபெயில்"னு காட்டியிருந்தா நீங்க திரும்ப அனுப்புவீங்க, ரெண்டு தடவை போயிடும். 2019 செப்டம்பர் 20-ல ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டுச்சு, யுபிஐல ஒருத்தருக்கு அனுப்பி, பணம் கழிஞ்சு, வாங்கறவருக்கு வரலன்னா அடுத்த நாளுக்குள்ள தானா திரும்ப வந்துடணும், தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் கொடுக்கணும்னு. ஒரு ப்ரோக்ராமர் கண்ணுல பார்த்தா, "தெரியல"ங்கற நிலைமை வரத்தான் செய்யும்னு ஒத்துக்கிட்டு, அது எத்தன நாள் வரைக்கும் இருக்கலாம்னு எல்லை போட்ட சட்டம் அது. இந்த நேர்மை நிறைய சாஃப்ட்வேர்ல இல்ல.

இதே தலைவலிய இன்னும் முன்னாடியே பட்டது என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி 1980-கள்ல கொண்டு வந்த ஃபைல் ஷேரிங் அது, அடியில ஓடறது சன் ஆர்பிசி. தூரத்துல இருக்கற டிஸ்க்க லோக்கல் டிஸ்க் மாதிரி காட்டணும், ஆனா சர்வர் பதில் சொல்லலன்னா என்ன பண்றது? அந்த டிஸ்க்க நம்ம மெஷின்ல இணைக்கறதுக்கு, அதாவது மவுண்ட் பண்றதுக்கு, ரெண்டு வழி வச்சாங்க. சாஃப்ட் மவுண்ட்னா கொஞ்ச நேரம் பார்த்துட்டு எரர் கொடுத்துடும், ஆனா லோக்கல் டிஸ்க்குன்னு நம்பி எழுதின ப்ரோக்ராம் அந்த எரர எதிர்பார்க்கவே இல்ல, டேட்டா பாதியில நின்னு கெட்டுப் போகும். ஹார்ட் மவுண்ட்னா பதில் வர்ற வரைக்கும் விடாம கேட்டுட்டே இருக்கும், டேட்டா கெடாது, ஆனா சர்வர் படுத்தா உங்க மெஷினும் அப்படியே உறைஞ்சு நிக்கும், அந்த ப்ராசஸ கில் பண்ணக்கூட முடியாது. வருஷக்கணக்கா அட்மின்கள் மெஷின ரீபூட் பண்ணித்தான் இதுலருந்து வெளிய வந்தாங்க. லினக்ஸ்ல 2008-ல வந்த 2.6.25 கெர்னல்லதான், காத்திருக்கற ப்ராசஸ சாகடிக்கற சிக்னல் வந்தா மட்டும் எழுப்பலாம்னு ஒரு நடுவழி வந்துச்சு. 1994-லயே சன் லேப்ஸ்ல ஜிம் வால்டோவும் கூட இருந்தவங்களும் ஒரு கட்டுரைல இதத்தான் உதாரணமா காட்டி சொன்னாங்க, லோக்கல் காலையும் ரிமோட் காலையும் ஒண்ணு மாதிரி காட்ட நினைக்கறதே தப்பு, ரெண்டும் வேற வேற ஜாதின்னு.

என்எஃப்எஸ்ல இன்னொரு அருமையான பாடம் இருக்கு. ஒரு ஃபைல அழிக்கச் சொல்றீங்க, சர்வர் அழிச்சுட்டு, பதில் வழியில தொலைஞ்சுடுது. கிளையன்ட் திரும்ப கேக்குது, சர்வர் "அப்படி ஒரு ஃபைலே இல்ல"ன்னு எரர் கொடுக்குது. வேலை நல்லபடியா நடந்திருக்கு, ஆனா யூசருக்கு வந்தது எரர். இதுக்கு மருந்தா சர்வர் பக்கத்துல ஒரு சின்ன நோட்டு வச்சாங்க, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பருக்கு ஏற்கனவே என்ன பதில் கொடுத்தோம்னு எழுதி வச்சுக்கறது, அதே நம்பர் திரும்ப வந்தா வேலைய மறுபடி செய்யாம பழைய பதிலயே கொடுக்கறது. இப்ப பேமென்ட் கேட்வே எல்லாம் ஐடெம்பொடன்சி கீன்னு சொல்லுதே, அதுக்கு இதுதான் பாட்டன்.

இப்ப பரவலா இருக்கற ஜிஆர்பிசிங்கற ஆர்பிசி சாஃப்ட்வேருக்கு வருவோம். கூகுள் உள்ளுக்குள்ள ஸ்டப்பின்னு ஒரு ஆர்பிசி அமைப்ப வச்சிருந்த அனுபவத்துலருந்து 2015-ல வெளிய விட்டது. இதுல ஒரு கால் எப்படி முடியலாம்னு 0-லருந்து 16 வரைக்கும் மொத்தம் 17 ஸ்டேட்டஸ் கோட், 0-னா ஓகே, மீதி 16-ம் எரர். இத பார்த்தா முதல்ல ஏதோ மனப்பாடம் பண்ற லிஸ்ட் மாதிரி தெரியும், ஆனா கூப்பிட்டவன் அடுத்து என்ன செய்யணும்ங்கறத வச்சுப் பார்த்தா சில கோடோட அழகு புரியும். 14-வது கோட் அன்அவெய்லபிள், சர்வர் இப்ப இல்ல, கொஞ்சம் பொறுத்து இதே கால மட்டும் திரும்ப அனுப்பு. 10-வது அபார்டட், ஒருத்தர் எழுதும்போது இன்னொருத்தர் குறுக்க வந்துட்டார், இந்த ஒரு கால மட்டும் திரும்ப அனுப்பினா பத்தாது, படிச்சு மாத்தி எழுதற மொத்த வேலையையும் முதல்லருந்து ஆரம்பி. 9-வது ஃபெயில்ட் ப்ரீகண்டிஷன், நிலைமைய சரி பண்ணாம எத்தன தடவை அனுப்பினாலும் இதேதான், காலியா இல்லாத ஃபோல்டர அழிக்கச் சொல்ற மாதிரி. மூணுமே "நடக்கல"தான், ஆனா அடுத்த அடி மூணுக்கும் வேற.

4-வது கோட் டெட்லைன் எக்ஸீடட், இது மேல சொன்ன "தெரியல" ஜாதி. வேலை வெற்றியா முடிஞ்சிருந்தாக்கூட இந்தக் கோட் வரலாம்னு ஜிஆர்பிசியோட விளக்கத்துலயே எழுதியிருக்கு. கிளையன்ட்டும் சர்வரும் கால் எப்படி முடிஞ்சுதுன்னு தனித்தனியா முடிவு பண்றாங்க, சர்வர் லாக்ல "ஓகே"ன்னு இருக்கும், கிளையன்ட் லாக்ல "டெட்லைன் எக்ஸீடட்"னு இருக்கும், ரெண்டு டீமும் நம்ம பக்கம் தப்பில்லன்னு சண்டை போடுவாங்க, ரெண்டு பேர் சொல்றதும் நிஜம்தான்.

எனக்கு நிஜமாவே வருத்தம் தர்றது, இவ்வளவு யோசிச்சு வச்ச கோட விட்டுட்டு எல்லாத்துக்கும் 13-வது இன்டர்னல்னோ 2-வது அன்நோன்னோ அனுப்பற பழக்கம். கோங்கற ப்ரோக்ராமிங் மொழில சாதாரண எரர அப்படியே திருப்பி அனுப்பினா அது அன்நோனா மாறிடும், பைத்தான்ல பிடிக்காம விட்ட எக்ஸப்ஷனும் அன்நோன்தான், அதோட எக்ஸப்ஷன்ல இருக்கற டெக்ஸ்ட்டும் சேர்ந்து கிளையன்ட்டுக்கே போயிடும், அதுக்குள்ள டேபிள் பேரு, ஃபைல் பாத்னு வெளிய தெரியக்கூடாதது எல்லாம் இருக்கலாம். கூப்பிட்டவன் அன்நோன பார்த்துட்டு என்ன பண்ணுவான் பாவம், ரீட்ரை, அதாவது திரும்ப முயற்சி, பண்றதா வேணாமான்னு தெரியாம ரீட்ரை பண்ணுவான். இன்னொண்ணும் கவனிக்கணும், ஜிஆர்பிசில எரர் வந்தாக்கூட எச்டிடிபி ஸ்டேட்டஸ் பெரும்பாலும் "எல்லாம் சரி"ங்கற 200தான், நிஜ கோட் கடைசியா ட்ரெய்லர்னு வர்ற பகுதியில இருக்கும், அதனால வேலைய சர்வர்களுக்குப் பிரிச்சு விடற பழைய லோட் பேலன்சரோட கிராஃப் பச்சையா இருக்கும்போதே உள்ள பாதி கால் ஃபெயில் ஆகிட்டு இருக்கலாம்.

டெட்லைன் விஷயத்துல ஜிஆர்பிசி டைம்அவுட்ட விட ஒரு படி மேல போச்சு. டைம்அவுட்னா ஒவ்வொரு சர்வீஸும் தனக்குத் தோணின நம்பர வச்சுக்கும், முன்னாடி இருக்கறது 2 செகண்ட், அது கூப்பிடறது 5 செகண்ட், அதுக்குப் பின்னாடி 30 செகண்ட். இது தலைகீழ், முன்னாடி நிக்கிறவன் போனப்புறம் பின்னாடி இருக்கறவன் 28 செகண்ட் யாருக்காக உழைக்கறான்? டெட்லைன்னா அப்படி இல்ல, முதல்ல கேட்டவர் 2 செகண்ட்தான் இருப்பார்னா அந்த 2 செகண்ட்தான் மொத்தக் கூட்டத்துக்கும். முதல் சர்வீஸ் 700 மில்லிசெகண்ட் எடுத்துக்கிட்டா அடுத்ததுக்கு 1300தான் மிச்சம், அது 400 எடுத்தா அதுக்கு அடுத்ததுக்கு 900. ஒயர்ல இது ஜிஆர்பிசி-டைம்அவுட்னு ஒரு ஹெட்டர்ல போகும், இத்தன மணிக்குள்ளன்னு அனுப்பாம இன்னும் இவ்வளவு நேரம் மிச்சம்னுதான் அனுப்பும், ஏன்னா ரெண்டு மெஷினோட கடிகாரமும் ஒத்துப்போகும்னு நம்ப முடியாது. மிச்சமே இல்லன்னா கூப்பிடவே வேணாம், அங்கயே நிறுத்திடலாம். ஆனா ஒரு பெரிய குழி இருக்கு, நீங்களா வைக்கலன்னா ஜிஆர்பிசில டெட்லைனே கிடையாது, முடிவில்லாம காத்திருக்கும். 1984-ல பிரெல், நெல்சன் எடுத்த அதே முடிவு, ஆனா அப்ப ஒரு கட்டடத்துக்குள்ள இருந்த மெஷின்கள், இப்ப ஒரு க்ளிக்குக்குப் பின்னாடி எத்தனையோ சர்வீஸ்.

இனி கேன்சல். ஜிஆர்பிசி எச்டிடிபி2 மேல ஓடுது, அதுல ஒவ்வொரு காலும் ஒரு ஸ்ட்ரீம், அதாவது ஒரே கனெக்ஷனுக்குள்ள ஓடற தனி ஓடை, கேன்சல் பண்ணினா கிளையன்ட் அந்த ஸ்ட்ரீம ரீசெட் பண்ணி, காரணம் 8, அதாவது கேன்சல்னு ஒரு ஃப்ரேம் அனுப்பும். சர்வர் பக்கத்துல கான்டெக்ஸ்ட், அதாவது அந்தக் காலோட டெட்லைன், கேன்சல் விவரத்த கூடவே தூக்கிட்டுப் போற பொருள், "முடிஞ்சுது"ன்னு கொடி தூக்கும். அவ்வளவுதான், அதுக்கு மேல தானா ஒண்ணும் நடக்காது! அந்தக் கால கவனிக்கற உங்க கோட், அதாவது ஹேண்ட்லர், அந்தக் கொடிய பார்க்காம லூப்ல ஓடிட்டு இருந்தா ஓடிட்டேதான் இருக்கும். ஏன் வலுக்கட்டாயமா நிறுத்தக்கூடாதுன்னு கேக்கலாம், ஜாவால அத முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு. த்ரெட் டாட் ஸ்டாப்னு ஒண்ணு இருந்துச்சு, எங்க இருந்தாலும் அந்த இடத்துலயே த்ரெட்ட, அதாவது ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடிட்டு இருக்கற ஒரு வேலைய, நிறுத்தும், மத்தவங்க டேட்டாவ தொடாம இருக்கப் போட்டிருந்த பூட்ட எல்லாம் திறந்து விட்டுடும், பாதி மாத்தின டேட்டாவ அடுத்த த்ரெட் நல்ல டேட்டான்னு நம்பி எடுத்துக்கும். 1998-ல வந்த ஜாவா 1.2-லயே இத பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க. அதனால கேன்சல்ங்கறது ஒரு வேண்டுகோள்தான், கேக்கறவன் கேக்கணும், செய்யறவன் நிறுத்தறதுக்கு நல்ல இடம் பார்த்து நிறுத்தணும்.

அந்த வேண்டுகோள் வழியில எங்கல்லாம் தொலையும்னு தெரிஞ்சுக்கறது நல்லது. பைத்தான்ல ரொம்ப நாளா கேன்சல் ஒரு சாதாரண எக்ஸப்ஷனா வந்துட்டு இருந்துச்சு, "என்ன எரர் வந்தாலும் பிடிச்சு லாக் பண்ணிட்டு மேல போ"ன்னு எழுதின கோட் கேன்சலையும் சேர்த்துப் பிடிச்சு முழுங்கிடும், டாஸ்க் நிக்கவே நிக்காது. 2019-ல 3.8 வெர்ஷன்லதான், பல வேலைய மாத்தி மாத்தி ஓட்டற அசிங்க்ஐஓ லைப்ரரியோட கேன்சல சாதாரண எக்ஸப்ஷன் வகையிலருந்து வெளிய எடுத்தாங்க. கோ மொழில 2016-ல 1.7 வெர்ஷன்லருந்து கான்டெக்ஸ்ட் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு வந்துச்சு, ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் முதல் ஆர்க்யூமென்ட்டா அத கைமாத்திக் கொடுக்கணும், நடுவுல ஒருத்தர் மறந்து போய் புதுசா ஒரு காலி கான்டெக்ஸ்ட் போட்டா சங்கிலி அங்கயே அறுந்துடும். எங்க மாசக் கடைசி ரிப்போர்ட்ல அறுந்திருந்தது சரியா அந்த இடம்தான், ஒரே ஒரு வரி.

டேட்டாபேஸ் பக்கமும் கேன்சல் லேசு இல்ல. போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல ஒரு குவெரி ஓடும்போது அந்த கனெக்ஷன் அதுலயே பிஸியா இருக்கும், அதனால நிறுத்தச் சொல்றதுக்கு இன்னொரு புது கனெக்ஷன் திறந்து, முதல்ல கனெக்ட் ஆனப்ப சர்வர் கொடுத்த ப்ராசஸ் நம்பரையும் ரகசிய கீயையும் கொடுத்துச் சொல்லணும், அந்த வேண்டுகோளுக்கு பதில் கூட வராது, போய்ச் சேர்றதுக்குள்ள குவெரியே முடிஞ்சிருக்கலாம். சும்மா கனெக்ஷன அறுத்துட்டுப் போனா நடுவுல அது கவனிக்காது, முடிச்சு பதில எழுதப் போகும்போதுதான் ஆள் இல்லன்னு தெரியும். 2021-ல வந்த 14-வது வெர்ஷன்ல, கிளையன்ட் இருக்காரான்னு நடுநடுவுல பார்க்கறதுக்கு ஒரு செட்டிங் வந்துச்சு, அதுவும் நாமளா ஆன் பண்ணினாத்தான்.

இன்னொரு விஷயத்த அழுத்திச் சொல்லணும், கேன்சல்னா திரும்பப் பெறுதல் கிடையாது. கேன்சல் வர்றதுக்கு முன்னாடி சர்வர் எழுதினது எழுதினதுதான், அனுப்பின மெயில் அனுப்பினதுதான். அதனால சில வேலைய கேன்சல்ல இருந்து காப்பாத்தவும் வேணும், பணத்த கழிச்சாச்சு, லெட்ஜர்ல எழுதறதுக்குள்ள கிளையன்ட் போயிட்டார்னு அங்க நிறுத்தினா கணக்கு இடிக்கும். இதுக்குன்னே கோ 2023-ல 1.21 வெர்ஷன்ல, மதிப்புகள மட்டும் வச்சுக்கிட்டு கேன்சல மட்டும் கழட்டிவிடற ஒரு ஃபங்க்ஷன் கொண்டு வந்துச்சு. எது வரைக்கும் நிறுத்தலாம், எந்த எல்லைய தாண்டினா முடிச்சே ஆகணும்ங்கறத லைப்ரரி முடிவு பண்ணாது, அந்தத் தொழில் தெரிஞ்சவங்கதான் முடிவு பண்ணணும்.

"தெரியல"க்கு எல்லாரும் கையில எடுக்கற மருந்து ரீட்ரை, அளவு தெரியாம கொடுத்தா அதுவே விஷம். மூணு அடுக்கு சர்வீஸ், ஒவ்வொண்ணும் மூணு தடவை முயற்சி பண்ணுதுன்னு வச்சுக்கோங்க, அடியில இருக்கற டேட்டாபேஸுக்கு ஒரு க்ளிக்குக்கு 27 அடி விழும், அதுவும் அது ஏற்கனவே முடியாம கிடக்கற நேரமா பார்த்து. 2015 செப்டம்பர் 20, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல அமெரிக்கா கிழக்கு ரீஜன்ல அமேசானோட டைனமோடிபிங்கற டேட்டாபேஸ் சேவை இப்படித்தான் படுத்துச்சு. சின்னதா ஒரு நெட்வொர்க் தடங்கல், அது சரியானதும் ஸ்டோரேஜ் சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்துல, எந்த டேட்டா யார்கிட்டன்னு கணக்கு வைக்கிற மெட்டாடேட்டா சர்வீஸ்கிட்ட போய் "என் பொறுப்புல எந்தெந்த பகுதி"ன்னு கேட்டுச்சு. அந்தப் பட்டியல் முன்ன விட பெருசாகி இருந்ததால பதில் கொடுக்கறதுக்குள்ள டைம்அவுட் ஆயிடுச்சு, டைம்அவுட் ஆன சர்வர் தன்னைத் தானே வேலையிலருந்து விலக்கிக்கிட்டு திரும்பத் திரும்ப கேட்டுச்சு, அதனால மெட்டாடேட்டா சர்வீஸ் இன்னும் மெதுவாச்சு. கெபாசிட்டி கூட்டலாம்னா அதுக்கான அட்மின் கட்டளை கூட உள்ள போக முடியாத அளவுக்கு நெரிசல். கடைசில ரிக்வெஸ்ட்ட எல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுட்டுதான் கெபாசிட்டி சேர்க்க முடிஞ்சுது. கேட்டவன் கைவிட்டுட்டுப் போன கேள்விக்கு பதில் தயார் பண்றதால யாருக்கும் லாபம் இல்ல.

ஜிஆர்பிசியோட ரீட்ரை செட்டிங்ல இந்த அனுபவம் தெரியும். எத்தன தடவைன்னு நீங்க என்ன எழுதினாலும் 5-க்கு மேல எடுத்துக்காது, ஒவ்வொரு தடவையும் இடைவெளி கூடும், எல்லா கிளையன்ட்டும் ஒரே நொடில வந்து மோதாம இருக்க அந்த இடைவெளில கொஞ்சம் தாறுமாறா கலந்துவிடும், அதோட ஒரு டோக்கன் கணக்கும் வைக்கலாம், ஃபெயில் அதிகமானா டோக்கன் குறையும், பாதிக்கோ அதுக்குக் கீழயோ போனா ரீட்ரையே கிடையாது. ரீட்ரை எந்த அடுக்குல வைக்கணும்னு என்னக் கேட்டா ஒரே ஒரு அடுக்குல வைங்க, மத்ததெல்லாம் எரர அப்படியே மேல விட்டுடட்டும். எழுதற கால்னா ஐடெம்பொடன்சி கீ இல்லாம ரீட்ரை வைக்கவே வைக்காதீங்க, அந்தக் கீய யூசர் பட்டன் அழுத்தும்போதே உருவாக்கணும், ஒவ்வொரு முயற்சிக்கும் புதுசு புதுசா உருவாக்கினா அது இருந்தும் இல்லாததும் ஒண்ணுதான்.

கேன்சல் சரியா வேலை செஞ்சாக்கூட அதுவே ஆயுதமா மாறும்னு 2023-ல பார்த்தோம். எச்டிடிபி2-ல ஒரு கனெக்ஷன்ல ஒரே நேரத்துல இத்தன ஸ்ட்ரீம்தான்னு ஒரு எல்லை உண்டு, பல சர்வர்ல 100. ஆனா கேன்சல் ஆன ஸ்ட்ரீம் அந்தக் கணக்குல வராது. ஸ்ட்ரீம திறந்த கையோட ரீசெட், திற, ரீசெட்னு போயிட்டே இருந்தா எல்லை தொடவே தொடாது, சர்வர் மட்டும் ஒவ்வொண்ணுக்கும் வேலைய ஆரம்பிச்சுட்டு இருக்கும். ரேபிட் ரீசெட்னு பேர் வச்ச இந்தத் தாக்குதல் 2023 அக்டோபர் 10-ல வெளிய அறிவிச்சாங்க, கூகுள் பார்த்த உச்சம் செகண்டுக்கு 39.8 கோடி ரிக்வெஸ்ட். ஜிஆர்பிசியோட கோ பதிப்புல இதுக்குச் செஞ்ச திருத்தம் என்னன்னா, ஸ்ட்ரீம் மூடியாச்சான்னு பார்க்காம, அதுக்காக ஆரம்பிச்ச ஹேண்ட்லர் நிஜமா முடிஞ்சுதான்னு எண்றது. கேட்டவன் போயிட்டதும், செஞ்சவன் நிறுத்தினதும் ரெண்டு தனித்தனி நிகழ்வு, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருந்த இடைவெளியத்தான் தாக்கினவங்க பயன்படுத்திக்கிட்டாங்க.

நாம கோட் டைப் பண்ற எடிட்டர், அந்தக் கோட அலசிச் சொல்ற சர்வரோட பேசறதுக்கான லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால்ல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீங்க டைப் பண்ணப் பண்ண ஒவ்வொரு எழுத்துக்கும் பழைய கேள்வி செல்லாம போயிடும், எடிட்டர் உடனே கேன்சல் அனுப்பும். ஆனா கேன்சல் ஆன கேள்விக்கும் சர்வர் கட்டாயம் ஒரு பதில் சொல்லியே ஆகணும், மைனஸ் 32800-ன்னு ஒரு எரர் கோடாவது கொடுக்கணும், சும்மா தொங்க விடக்கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முடிவு இருந்தாத்தான் கணக்கு நேராகும்.

எங்க ரிப்போர்ட் கதைக்கு வந்தா, அறுந்த இடத்துல கான்டெக்ஸ்ட்ட இழுத்துக் கட்டினதும் தனியா விட்ட குவெரிகள் நின்னுடுச்சு. அடுத்த மாசம் இன்னொண்ணு பண்ணினோம், எல்லாரும் கேக்கறது ஒரே ரிப்போர்ட்தானே, ஒரே குவெரிய ஓட்டி எல்லாருக்கும் அதே பதில கொடுப்போம்னு. ரெண்டே நாள்ல புது புகார், சிலருக்கு அவங்க ஒண்ணுமே பண்ணாம ரிப்போர்ட் "கேன்சல்"னு வருதுன்னு. தேடிப் பார்த்தா, முதல்ல கேட்டவரோட கான்டெக்ஸ்ட்லதான் அந்தக் குவெரி ஓடிட்டு இருந்திருக்கு, அவர் டேப்ப மூடினதும் பின்னாடி வரிசைல நின்ன 11 பேருக்கும் சேர்த்து நின்னுடுச்சு. ஒருத்தர் எழுந்து போனார்னு பந்தியவே தூக்கின மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் குவெரிக்குன்னு தனி கான்டெக்ஸ்ட், அதுக்குத் தனி டெட்லைன், எத்தன பேர் காத்திருக்காங்கன்னு ஒரு எண்ணிக்கை. ஒவ்வொருத்தர் போகும்போதும் ஒண்ணு குறையும், பூஜ்யம் ஆனாத்தான் டேட்டாபேஸுக்கு கேன்சல் போகும்.